முக்கால் கிலோவைத் தாங்கும் நூல்கள்



உங்கள் வீட்டு வாசற்கதவைச் சாத்திப் பாருங்கள். அது நிலையில் முட்டி நின்றுவிடுகிறது. நிலையின் விளிம்பு தடுக்காவிட்டால் கதவு மறுபக்கமும் திரும்பிவிடும், இல்லையா? நம் இதயத்திலும் கதவுகள் உள்ளன. அவற்றுள் இரண்டுக்கு இத்தகைய நிலை கிடையாது. அவை மறுபக்கம் புரண்டுவிடாதபடி மெல்லிய நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த நூல்கள் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர் ஒருவர் கபடிக் குழுவுக்குத் தேர்வானார். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத்தில் 'டிக்' என்ற ஒலி கூடுதலாகக் கேட்டது. 'மைட்ரல் வால்வு பிதுக்கமாக இருக்கலாம். எக்கோ எடுத்து வாருங்கள்' என்றார் டாக்டர். மறுநாள் அவருடைய தாயார் கல்லூரிக்கே வந்துவிட்டார். "சார், இனிமே இவன் தறிக்குழியில இறங்கலாமா? படிக்கட்டாவது ஏறலாமா?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் ஆசிரியன். ஆனாலும் அந்த ஒலியின் பொருளை என்னால் விளக்க முடிந்தது. அன்று அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நான்கு அறை, நான்கு கதவு

இதயம் நான்கு அறைகள் கொண்ட பம்பு. நுரையீரலில் தூய்மையான இரத்தம் இடது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து இடது வெண்டிரிக்கிளுக்கு இறங்குகிறது. வெண்டிரிக்கிள் சுருங்கியதும் மகாதமனி வழியே உடலெங்கும் பாய்கிறது. இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்டிரிக்கிளுக்கும் இடையில் இருப்பதுதான் ஈரிதழ் வால்வு. பிஷப்புகள் அணியும் இருமுனைத் தொப்பியைப் போல் தோன்றுவதால் அதற்கு மைட்ரல் வால்வு என்று பெயர்.

இந்த வால்வைத் திறந்து மூடத் தனியாக எந்தத் தசையும் இல்லை. மேலே அழுத்தம் மிகுந்தால் இதழ்கள் திறக்கின்றன. கீழே மிகுந்தால் மூடுகின்றன. இதழ்களின் விளிம்பிலிருந்து வெண்டிரிக்கிள் சுவரிலுள்ள சிறு தசைத் தூண்கள் வரை வெண்ணிற நாண்கள் ஓடுகின்றன. இவையே நான் சொன்ன நூல்கள்.

ஒரு சிறு கணக்கு

இந்த நூல்களுக்கு எவ்வளவு வேலை என்று கணக்கிடுவோமா? வெண்டிரிக்கிள் சுருங்கும்போது அதனுள் அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம். அப்போது ஆரிக்கிளில் இருப்பது சுமார் 10 மட்டுமே. வேறுபாடு 110 மில்லிமீட்டர், அதாவது 11 சென்டிமீட்டர் பாதரசம். பாதரசத்தின் அடர்த்தி 13.6. ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 11 × 13.6 = சுமார் 150 கிராம் எடை அழுத்துகிறது. வால்வின் வாய் சுமார் 5 சதுர சென்டிமீட்டர். எனவே மொத்தம் 750 கிராம், முக்கால் கிலோ!

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளில் 1,03,680 தடவை. அத்தனை தடவையும் மெல்லிய இதழ்களும் நூல்களும் இச்சுமையைத் தாங்க வேண்டும்.

நூல் தளர்ந்தால்

தறியில் பாவு இழைகள் யாவும் ஒரே விறைப்பில் நிற்க வேண்டும். சில இழைகள் தளர்ந்தால் அந்த இடத்தில் துணி பொங்கி நிற்கும். சிலருக்கு இதழும் நாணும் இயல்புக்கு மேல் நெகிழ்ந்து நீண்டுவிடுகின்றன. வெண்டிரிக்கிள் சுருங்கும்போது அந்த இதழ் ஆரிக்கிளுக்குள் பொங்கிப் பிதுங்குகிறது. இதுவே மைட்ரல் வால்வு பிதுக்கம். நூறு பேரில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கிறது. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வருகிறது.

பிதுங்கினாலும் இரண்டு இதழ்களின் விளிம்புகள் சரியாகச் சேர்ந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. சேராமல் இடைவெளி விழுந்தால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். நாண் அறுந்துவிட்டாலோ கசிவு திடீரென்று பெருகும்.

காதால் கண்டறிதல்

தளர்ந்து தொங்கும் கயிற்றைச் சட்டென்று இழுங்கள். விறைக்கும் கணத்தில் 'டிக்' என்று ஓர் ஒலி எழும். பிதுங்கும் இதழும் நாணும் விறைத்து நிற்கும் கணத்திலும் இத்தகைய ஒலி எழுகிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டது இதுதான். கசிவும் இருந்தால் அதைத் தொடர்ந்து 'உஸ்' என்ற முணுமுணுப்பு கேட்கும். குறுகிய இடைவெளி வழியே வேகமாகப் பாயும் திரவம் சுழித்துக் கலங்குவதால் எழும் ஓசை அது. இவ்வொலிகள் மைட்ரல் வால்விலிருந்தே வருகின்றன என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜான் பார்லோ 1963-ல் எடுத்துக்காட்டினார்.

நோயாளியைக் குந்தவைத்தும் எழுந்து நிற்கவைத்தும் டாக்டர் கேட்பார். ஏன் தெரியுமா? எழுந்து நின்றால் கால்களில் இரத்தம் தங்கி, இதயத்துக்கு வருவது குறைகிறது. வெண்டிரிக்கிள் சிறுத்துவிடுவதால் அதற்கு நூல் இன்னும் நீளமாகிவிடுகிறது. இதழ் விரைவிலேயே பிதுங்குகிறது. 'டிக்' ஒலியும் முந்திக்கொள்கிறது. குந்தினால் அது பிந்துகிறது. ஸ்டெதஸ்கோப்பைத் தவிர வேறு கருவி எதுவுமின்றிச் செய்யும் அழகான இயற்பியல் சோதனை இது!

எதிரொலி தரும் படம்

உறுதி செய்ய உதவுவது எக்கோ. சுவீடனில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து இம்முறையைத் தொடங்கினார்கள். உலோகத்தினுள் வெடிப்பு இருக்கிறதா என்று தேடும் மீயொலிக் கருவி ஒன்றை இரவல் பெற்று, 1953-ல் இதயச் சுவரின் அசைவைப் பதிவு செய்தார்கள்.

உடல் திசுக்களில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர். 10 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள வால்வில் பட்டுத் திரும்ப ஒரு வினாடியில் 10,000-ல் 1.3 பங்கு நேரமே ஆகும். இந்த நேரங்களை அளந்து கணினி படம் வரைகிறது. இதழ், வால்வின் வளையத்துக்கு மேல் 2 மில்லிமீட்டரோ அதற்கு அதிகமாகவோ ஆரிக்கிளுக்குள் போனால் அது பிதுக்கம். கசிவின் அளவை டாப்ளர் விளைவு காட்டிவிடுகிறது.

என் மாணவருக்குப் பிதுக்கம் இருந்தது, கசிவு இல்லை. 'விளையாடலாம், தறியிலும் உட்காரலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ பார்த்துக்கொண்டால் போதும்' என்றார் டாக்டர். அந்தத் தாயார் அன்றுதான் நிம்மதியாக உறங்கியிருப்பார்.

தைத்துச் சரிசெய்தல்

கசிவு மிகுந்தவர்களின் நிலை வேறு. கசிந்த இரத்தத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் வெண்டிரிக்கிள் மெல்ல மெல்லப் பெருத்துவிடுகிறது. மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே இது நிகழலாம். ஆகவேதான் எக்கோ அளவுகளைக் கவனித்து, உரிய காலத்தில் அறுவை செய்கிறார்கள்.

அப்போது இதயத்தின் வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். மிகுதியான இதழ்ப் பகுதியை வெட்டித் தைப்பார்கள். அறுந்த நாணுக்குப் பதிலாக டெஃப்லான் வகைச் செயற்கை இழையைச் சரியான நீளத்தில் கட்டுவார்கள். விரிந்த வாயைச் சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள். இம்முறைகளை வகுத்ததில் பாரிஸ் நகரத்து அலென் கார்ப்பந்தியேவுக்குப் பெரும்பங்கு உண்டு. முடிந்தவரை சொந்த வால்வைச் சீர்செய்வதே நல்லது. முடியாதபோது மாற்று வால்வு பொருத்த வேண்டும்.

திருவனந்தபுரத்தில் பிறந்த வால்வு

வெளிநாட்டு வால்வுகள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் மருத்துவரும் பொறியியலாளரும் சேர்ந்து சொந்தமாக வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மாதிரியில் தட்டைத் தாங்கும் கம்பி பற்றவைத்த இடத்தில் ஒடிந்தது. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்துபோனது. மூன்றாவதில் நீலக்கல் எனப்படும் கடினமான படிகத்தால் ஆன தட்டு, ஆட்டுக்குப் பொருத்திச் சோதித்தபோது உடைந்தது. ஓராண்டில் 3 கோடியே 78 லட்சம் தடவை அடிபடும் பொருளுக்குக் கடினம் மட்டும் போதாது என்பது புரிந்தது. நான்காவது மாதிரியில் உறுதிமிக்க பாலிஎதிலீன் தட்டை வைத்தார்கள். அது நிலைத்தது! 1990 டிசம்பர் 6-ம் நாள் அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் சென்னையின் டி.டி.கே. குழுமம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

ஆனால் ஒன்று. உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை என்றாலும் காலப்போக்கில் அது பழுதாகும். இயற்கை தந்த நூல்களுக்கு நிகரானதை நாம் இன்னும் செய்யவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பிதுக்கம் பெரும்பாலும் உடலமைப்பால் வருவது; அதை முன்கூட்டித் தடுக்க வழியில்லை. ஆனால் நம் நாட்டில் பலருடைய வால்வுகளைக் கெடுப்பது ருமாட்டிக் காய்ச்சல். சிறுவயதில் ஒருவகைப் பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண்ணே அதற்கு வித்து. காய்ச்சலுடன் தொண்டை வலித்தால் வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் செல்லுங்கள். பெனிசிலின் போன்ற மருந்துகளால் இதைத் தடுத்துவிடலாம். இதயத்தில் ஏதோ ஒலி கேட்கிறது என்று யாராவது சொன்னால் அஞ்சி முடங்காதீர்கள்; அலட்சியமும் வேண்டாம். எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கைக்குட்டையின் நான்கு மூலைகளிலும் சம நீளமுள்ள நூல்களைக் கட்டி, நுனிகளைச் சேர்த்து ஒரு சிறு கல்லைக் கட்டுங்கள். மாடியிலிருந்து விடுங்கள், நிதானமாக இறங்கும். இப்போது ஒரு நூலை மட்டும் நான்கு விரற்கடை நீளமாக்கி மீண்டும் விடுங்கள். அந்த மூலை மேலே பிதுங்கும். அதன் வழியே காற்று நழுவும். கைக்குட்டை சாய்ந்து விழும். நீங்கள் பார்த்தது பாராசூட் மட்டுமன்று, ஒரு வால்வையும்தான்!