டப்பா கலவையால் எஞ்சின் தேய்மானம் குறையுமா?

"ஆயிலுடன் இதை ஒரு டப்பா ஊற்றினால் தேய்மானம் பாதியாகும், கரி படியாது" என்று விற்கப்படும் கலவைகளை வாங்கலாமா என டீசல் எஞ்சினும் டிராக்டரும் வைத்துள்ள விவசாயிகள் பலர் கேட்கின்றனர். வாங்குமுன் சிறிது யோசிக்க வேண்டும்.

அனுபவம் மட்டும் போதுமா?

கலவையை ஊற்றியதும் எஞ்சின் சத்தம் குறைந்தது என்று ஒரு விவசாயி என்னிடம் கூறினார். விசாரித்ததில், அன்றுதான் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஏர் கிளீனரையும் கழுவியிருந்தார். பலன் எதனால் என்று எப்படிச் சொல்வது? உரமிட்ட பாத்திக்குப் பக்கத்தில் உரமிடாத பாத்தி இருந்தால்தானே உரத்தின் பலன் தெரியும்? எஞ்சினுக்கும் அதே நியதிதான்.

சோதிக்கும் முறை

ஒரே ரக எஞ்சின்கள் பலவற்றைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு ஆயில் மட்டும். மற்றதற்கு அதே ஆயிலுடன் கலவை. டீசல், பளு, ஓடும் மணி யாவும் ஒன்றாக இருத்தல் அவசியம். ஓட்டுவதற்கு முன்பும், பல நூறு மணி நேரம் ஓடிய பின்பும் எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் ரிங்குகளை எடை போட வேண்டும். ரிங் வாய் இடைவெளியைப் பில்லர் கேஜாலும், லைனரின் உள்விட்டத்தைப் போர் கேஜாலும் அளக்க வேண்டும். கரிப்படிவுக்கு மதிப்பெண் இடுபவருக்கு எது எந்தப் பிரிவு என்பது தெரியக் கூடாது. வடித்த ஆயிலிலுள்ள இரும்பின் அளவை ஆய்வகத்தில் காணலாம்.

சுழலும் வளையத்தின் மீது உருளையை அழுத்திக் காட்டும் கடைச் சோதனை எஞ்சினுக்குப் பொருந்தாது. குளோரின் சேர்ந்த கலவைகள் அதில் நன்றாகத் தேறும். ஆனால் எஞ்சின் சூட்டில் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கக்கூடும்.

அமெரிக்காவில் 'ஸ்லிக் 50' என்ற கலவையின் தேய்மான விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரமில்லை என மத்திய வர்த்தக ஆணையம் 1996-ல் குற்றம் சாட்டியது. ஆதாரமின்றி அவ்வாறு கூறுவதில்லை என 1997-ல் உடன்பாடு ஏற்பட்டது.

செய்ய வேண்டியவை

தரமான டீசல் எஞ்சின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் பொருளும் கரியகற்றும் பொருளும் தக்க அளவில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளன. ஆயில் கறுப்பது, அது கரியைத் தன்னில் ஏந்திக்கொள்வதன் அடையாளமே.

1. கையேட்டில் கூறிய ரக ஆயிலையே, குறித்த மணிக்கொரு முறை மாற்றவும்.

2. தினமும் எஞ்சினை ஓட்டுமுன் ஆயில் மட்டத்தை அளவுக் கம்பியால் பார்க்கவும்.

3. ஏர் கிளீனரைத் தவறாமல் சுத்தம் செய்யவும். உழவின்போது உள்ளே புகும் புழுதி, லைனரையும் ரிங்கையும் வெகு விரைவில் தேய்த்துவிடும்.

தேய்ந்த ரிங்கை எந்தக் கலவையும் வளர்க்காது. டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் நல்ல ஆயிலும் பில்டரும் வாங்கினால், பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாளில் எஞ்சின் கைவிடாது.