நெடுந்தீவுக்குப் போகும் பெறாமகளுக்கு



உனக்கு நியமனக் கடிதம் வந்த செய்தியை அம்மா தொலைபேசியில் சொன்னார். "வேலை கிடைச்சிட்டுது, ஆனா நெடுந்தீவாம்" என்றபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. அந்த 'ஆனா'வுக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அந்தத் தீவில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தவன். உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறு. பண்ணைப் பாலம் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போகும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கடல் கிடக்க, நீளமான தாம்போதி ஒன்று வரும். அதற்கு வாணர் தாம்போதி என்று பெயர். அந்தப் பாதை வேண்டுமென்று உழைத்த புங்குடுதீவுச் சகோதரர்கள் பெரியவாணர், சின்னவாணர் பெயரால் அது வழங்குகிறது. அதில் போகும்போது ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள். தீவுக்குப் பாதையோ படகோ தண்ணீரோ தானாக வந்ததில்லை. யாரோ ஒருவர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியபிறகுதான் வந்திருக்கிறது.

குறிகட்டுவானில் பாதை முடிந்து துறை தொடங்கும். நயினாதீவுக்குப் போகும் வரிசை நீளமாக இருக்கும். நாகபூசணி அம்மனையும் நாகவிகாரையையும் கும்பிடப் போகிறவர்கள் அவர்கள். உன் வரிசை மற்றது. அதில் பழவாளி, அரிசி மூட்டை, கூரைத் தகடு, எரிவாயு உருளை, மருந்துப் பையோடு திரும்பும் முதியவர், கட்டுப் போட்ட காலோடு ஒரு சிறுவன் எல்லாம் இருக்கும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர்களைக் கேட்பாய். ஒன்று ஓடும்போது இன்னொன்று திருத்த வேலைக்குப் போயிருக்கும். பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவும் கடல் சம்மதித்தால்தான். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பும். கார்த்திகைக்குப் பிறகு வாடை. காற்றுக் கூடிய நாளில் படகு இல்லை என்பார்கள். அந்த ஒரு சொல்லில் தீவின் அன்றைய நாள் முழுக்க மாறிவிடும். கடைக்கு மரக்கறி வராது. கிளினிக்குக்குத் திகதி கொடுத்தவர் போகமாட்டார். பரீட்சை எழுதப்போன பிள்ளை யாழ்ப்பாணத்தில் யாரோ உறவினர் வீட்டுத் திண்ணையில் இன்னொரு இரவு படுக்கும். கர்ப்பிணிகள் பலர் நாள் நெருங்குவதற்கு வெகு முன்பே யாழ்ப்பாணத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவதும் இதனால்தான். அங்கே ஒரு தாய் தன் பிரசவத்தைக் காற்றைப் பார்த்துத் திட்டமிடுகிறாள். வகுப்பில் உன் முன் இருக்கப்போவது அப்படிப் பிறந்த பிள்ளைகள்.

நீ இறங்கும் மாவிலித்துறையில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. கைக்குழந்தை உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினார்கள். அதே குமுதினி திருத்தப்பட்டு, அதற்குப் பிறகும் பல வருடம் அதே சனத்தை ஏற்றிக்கொண்டு ஓடியது. ஏறாமல் இருக்க அவர்களுக்கு வேறு படகில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்த நாளை ஊர் நினைவுகூரும். அன்றைக்கு நீயும் போய் நில். யாரிடமும் எதையும் கேட்கவேண்டாம்; சொல்ல விரும்புகிறவர்கள் தாங்களே சொல்வார்கள்.

இனித் தண்ணீர். இதை நீ நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் தீவின் பாதிப் பிரச்சினை இதில்தான் இருக்கிறது. நெடுந்தீவு முழுவதும் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். ஆறு இல்லை. மாரி மழை கல்லிடுக்கால் இறங்கி நிலத்துக்குள் போகும். அங்கே ஏற்கெனவே கடல்நீர் ஊறியிருக்கும். மழைநீர் பாரம் குறைந்தது என்பதால் கடல்நீருக்கு மேல் மிதந்தபடி தங்கிவிடும். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கமுடியும் என்பது நிலத்தடி நீரியல் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அதே கணக்கு எதிர்ப்பக்கமாகவும் வேலை செய்யும். ஆசைக்கு அள்ளி மேலே ஓரடியைக் குறைத்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உப்பு ஏறிவரும். பழைய ஆட்கள் கிணற்றை ஆழமாக வெட்டாமல், வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளியதன் காரணம் இதுதான். மின் இறைப்பி வந்தபிறகு ஒரு மணி நேரத்தில் தொட்டி நிறைகிறது. சில வருடத்தில் கிணறு சவராகிவிடுகிறது. ஒருமுறை சவரான கிணறு மழையால் தேற எத்தனையோ மாரி வேண்டும்.

நான் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனியோடு சேர்ந்து ஒரு உப்புருசி நாக்கின் ஓரத்தில் நிற்கும். சவர்க்காரம் நுரைக்காது. ஆவணி பிறந்தால் வீட்டுக்கார அம்மா பின்னேரம் பரலையும் கலன்களையும் படலையடியில் வரிசையாக வைத்துவிட்டு, தண்ணீர்ப் பவுசரின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி இருப்பார். பவுசர் வந்தால் முதலில் குடிக்கும் கலன், பிறகு சமையல் கலன், மிச்சமிருந்தால் பரல். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறாது. அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு; முகம் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. இப்போது சவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் இயந்திரம் பழுதானால் அதைத் திருத்துகிறவரும் உதிரிப்பாகமும் படகில்தான் வரவேண்டும். ஒவ்வொரு கூரையிலிருந்தும் மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்ப்பதுதான் தீவுக்கு ஏற்ற வழி என்பது என் முடிவு. உன் பள்ளிக்கூடக் கூரையிலிருந்தே தொடங்கலாம்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. புங்குடுதீவில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கத்தை நீ வாசித்திருப்பாய். 1971இல், அந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தண்ணீர் அள்ளவேண்டும் என்று அவர் சத்தியாக்கிரகம் செய்து, அடிபட்டார். இரண்டு வருடத்தில், நாற்பது வயதைத் தொடாமலே, இறந்துபோனார். நிலம் தந்த தண்ணீர் குறைவு. அதற்குள்ளும் மனிதர் வேலி போட்டார்கள். உன் வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறது, யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கவனி. தப்பாக ஏதும் கண்ணில் பட்டால் அன்றைக்கே மாற்று, மறுநாளைக்கு விடாதே.

மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கியால் வருகிறது. அந்த டீசலும் கடல் கடந்துதான் வரவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியா நன்கொடை தர 2022இல் உடன்பாடானது. 2024இல் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. காற்றுக்கும் வெயிலுக்கும் தீவில் ஒருநாளும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

கடலைப் பற்றிப் பிள்ளைகள் உனக்குப் படிப்பிப்பார்கள். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள். திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் இராமேசுவரம் பக்கத்து இழுவைப்படகுகள் தொழிலுக்கு இறங்குவது வழக்கம். அந்த இரவுகளில் நம் கரைத் தொழிலாளி வலை விரிக்கப் பயப்படுவான்; விரித்த வலை அறுந்துபோனால் ஒரு வருட உழைப்பு போய்விடும். இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போவதால் மீன் குஞ்சும் மிஞ்சாது. இலங்கை 2017இல் அந்தத் தொழில்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரைப் படகில் கூலிக்கு வருகிறவனும் நம் மொழி பேசுகிற ஏழைதான் என்பதை வகுப்பில் சொல்லத் தயங்காதே. கோபம் மடியின்மேல் இருக்கட்டும், மனிதன்மேல் வேண்டாம். பிள்ளை கொப்பி வாங்கவில்லை என்றால் ஏசுவதற்கு முன் கடந்த கிழமை வலை என்னாயிற்று என்று விசாரி.

இவ்வளவையும் வாசித்துவிட்டு அது துன்பத் தீவென்று நினைத்துவிடாதே. அங்கே காணி எல்லைகளில் கல்வேலி நிற்கும். முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கட்டியது. கல்லின் முகம் பார்த்து, திருப்பி, இன்னொன்றின் பள்ளத்தில் பொருத்துவார்கள். காற்று அதனூடாகப் போகும், வேலி விழாது. நான் வடிவியல் படிப்பித்தபோது ஒரு கிழமை முழுக்கப் பிள்ளைகளை அந்த வேலியடிக்குத்தான் கூட்டிப்போனேன். மேற்கே வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக மேயும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவற்றின் வழித்தோன்றல்கள். கோடை நீண்டால் தண்ணீரில்லாமல் அவையும் சாகும். அப்போது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் தங்கள் பரலில் குறைத்துத்தான் ஊற்றுகிறார்கள். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம், அனலைதீவு றொட்டர்டாம். மற்றவை மறைந்துபோக, ஆங்கிலக் கடிதங்களில் டெல்ஃப்ற் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உன் நியமனக் கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும். நீ நெடுந்தீவு என்றே எழுது. உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி திறந்த தனிநாயகம் அடிகளின் தந்தை அந்த மண்ணைச் சேர்ந்தவர். அடிகளுக்கு அங்கே சிலையும் உண்டு.

போரும் 1990, 91 இடப்பெயர்வும் தீவுகளைக் காலியாக்கின. புங்குடுதீவு வழியாகப் போகும்போது கூரையில்லாத கல்வீடுகளுக்குள் மரம் முளைத்து நிற்பதைப் பார்ப்பாய். அந்த வீட்டாரின் பேரப்பிள்ளைகள் பாரிஸிலும் டொரன்ரோவிலும் படிக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் கோயில் கோபுரங்கள் எழும்புகின்றன. நான் அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் தீவில் மிஞ்சியிருக்கும் குடும்பங்களில் பலர் இன்றைக்கும் ஊரை விடுவதற்குச் சொல்லும் காரணம் பிள்ளையின் படிப்புத்தான். பணத்தால் மட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

இங்கேதான் நீ வருகிறாய். காலைப் படகில் வந்து, பின்னேரப் படகில் திரும்பும் ஆசிரியர்கள் பலர். அவர்களுக்கும் வீட்டில் குழந்தை, வயதான தாய் என்று ஆயிரம் நியாயம் உண்டு. நானும் முதல் வருடம் அப்படித்தான் போய்வந்தேன். கணக்கை மட்டும் பார். படகு பிந்தியதால் காலையில் ஒரு பாடவேளை போகும். படகைப் பிடிக்க மத்தியானம் ஒன்று போகும். கிழமைக்குப் பத்து. என் காலத்தில் ஒரு பள்ளிநாளுக்கே எட்டுப் பாடவேளைதான். ஆகவே தீவுப் பிள்ளைக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு நாளுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாமல் போகிறது. சாதாரணதரப் பரீட்சையில் அந்தப் பிள்ளையும் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளையும் எழுதுவது ஒரே வினாத்தாள்.

ஒரு ஐப்பசி நாளில் படகு ஓடவில்லை. வேறு வழியில்லாமல் அதிபர் வீட்டில் தங்கினேன். பின்னேரம் ஒரு மாணவி தம்பியையும் கூட்டிக்கொண்டு கொப்பியோடு வந்து வாசலில் நின்றாள். இருபடிச் சமன்பாட்டில் ஒரு சந்தேகம். எப்போது வந்த சந்தேகம் என்று கேட்டேன். "மூண்டு கிழமையாச்சு சேர். மணி அடிச்ச உடனே நீங்கள் போயிடுவீங்கள்" என்றாள். குற்றம் சொல்லும் குரல் அல்ல. காற்று எழும்பினால் படகு ஓடாது என்று சொல்வதுபோல் சொன்னாள். அரை மணி நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த தவணையில் நான் அறை எடுத்துத் தங்கிவிட்டேன்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான்: தங்கு. திங்கள் போய் வெள்ளி திரும்பினாலும் போதும், தினமும் போய்வராதே. மூடி இறுக்கமான ஐந்து லீற்றர்க் கலன் இரண்டு, நல்ல டோர்ச், காய்ச்சலுக்கு மருந்து, உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் பருத்தித் துணி, இவற்றோடு புறப்படு. அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். நான் இருந்த வீட்டில் முன் அறை சும்மாதான் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவிடம் நேற்றே பேசிவிட்டேன். பவுசர் வரும் நாளை உனக்குச் சொல்வதாகச் சொன்னார்.

அன்புடன்,
பெரியப்பா