கைப்பேசியும் தன்னாட்சியும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறும் மாணவர் பலருடைய வாழ்க்கை, சில திங்களுக்குள் முற்றும் மாறிவிடுகின்றது. பள்ளியில் பயின்ற நாளில் வைகறையில் எழுப்புதற்கு அன்னை இருந்தாள். "கைப்பேசியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்று கடிதற்குத் தந்தை இருந்தார். கல்லூரி விடுதியில் கால் வைத்த அன்றே இக்காவல் யாவும் ஒருங்கே நீங்குகின்றன. இரவு இரண்டு மணி வரை திரையை நோக்கிக் கிடப்பினும் ஏன் என்று கேட்பார் இல்லை. அதுகாறும் பிறர் கையில் இருந்த கடிவாளம் ஒரே நாளில் தன் கைக்கு வந்து சேர்கின்றது. பிடித்துப் பழகாத கை என் செய்யும்? வகுப்பில் உறக்கம், தேர்வில் தளர்ச்சி, வீட்டிற்குச் சொல்ல நாணும் மறைவு என முதற்பருவம் கழிந்துவிடுதலும் உண்டு.

அதுகண்டு கைப்பேசியே தீது என ஒதுக்குதல் பொருந்தாது. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018 ஆம் ஆண்டு முதல் இணைய வழியே நடைபெறுகின்றது. வகுப்பு நேர மாற்றமும் பாடக் குறிப்பும் வாட்சாப் குழுவில் வருகின்றன. கருவியை அறவே துறந்த மாணவன் கல்லூரியில் ஒரு வாரம் நடமாடுதலும் அரிது. ஆதலின் அவனுக்கு வேண்டுவது துறவு அன்று, ஆட்சியே.

ஆளவேண்டிய பொருளின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து, புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை 1957 இல் நூலாக வெளியிட்டார். கூண்டில் உள்ள ஒரு வில்லையைப் புறா கொத்தினால் தானியம் கிடைக்கும். இத்தனை முறை கொத்தினால் கிடைக்கும் என்று எண்ணிக்கை நிலையாக இருந்தபோது, புறா தின்றபின் சற்று இளைப்பாறியது. எத்தனையாவது கொத்துக்குக் கிடைக்கும் என்பதை அறியவொண்ணாதபடி செய்தபோதோ, அஃது ஓயாது கொத்தியது. தானியத்தை நிறுத்திய பின்னரும் நெடுநேரம் விடவில்லை. கைப்பேசியை எடுத்தெடுத்துப் பார்ப்பவன் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒருமுறை நண்பன் செய்தி இருக்கும். ஒன்பது முறை ஒன்றும் இராது. அவ்வொன்றிற்காகவே கை மீண்டும் நீள்கின்றது.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. திரையின் அடியை எட்டுமுன் புதுச்செய்திகள் தாமே வந்து நிரம்பும் அமைப்பை 2006 இல் ஏசா ராஸ்கின் என்பவர் வகுத்தார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாடகத்திற்கு மங்களம் உண்டு. இதற்கோ முடிவே இல்லை. எனவே, நிறுத்த இயலாமையை மாணவனின் மனவலிமைக் குறை என்று மட்டும் பழித்தல் நேரிதன்று.

தேர்வு ஆண்டில் கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைக்கும் பெற்றோர் பலர். அவர்தம் அச்சம் இயல்பானதே. ஆயினும் பூட்டு, திறக்கும் சூழ்ச்சியை வளர்க்குமேயன்றி அடக்கத்தை வளர்ப்பதில்லை. உழவர் இளங்காளையை எவ்வாறு பழக்குகின்றனர்? பழகிய காளையோடு இணைத்து நுகத்தில் பூட்டி, வெறும் வண்டியைச் சிறிது தொலைவு இழுக்கச் செய்கின்றனர். சுமையைப் பின்னரே ஏற்றுகின்றனர். பதினோராம் வகுப்பில் இரவு ஒன்பது மணிக்கு அன்னை கேட்டு வாங்கி வைக்கலாம். அடுத்த ஆண்டு, மாணவன் தானே கொணர்ந்து வைக்கலாம். இறுதித் திங்களில் ஒருவரும் கேளாதிருத்தல் வேண்டும். இடையில் தவறினால், பறித்தலினும் காரணத்தை ஆராய்தலே நன்று. தந்தையார் தாமே திரையில் ஆழ்ந்தவாறு மகனைக் கடிந்தால் அச்சொல் செல்லாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இந்திய நாடாளுமன்றம் 2023 இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கின்றது. சட்டம் ஒரு நாளைக் குறிக்கலாம். நுகத்திற்குப் பழகாத காளை அந்நாளில் தானே பழகிவிடாது.

மாணவன் தானே செய்யத்தக்கவையும் சில உண்டு. எத்தனை மணி நேரம் எச்செயலியில் கழிந்தது என்று காட்டும் வசதியைப் பெரு நிறுவனங்கள் 2018 இல் கைப்பேசியிலேயே அமைத்தன. அதனைப் பார்க்குமுன் தன் மதிப்பீட்டை ஏட்டில் எழுதிப் பின் ஒப்பிட்டால், இடைவெளி வியப்பளிக்கும். அடுத்து, வேண்டாத அறிவிப்பு ஒலிகளை அடக்குதல். வீட்டாரின் அழைப்பு மட்டும் ஒலித்தால் போதும்.

எல்லாவற்றினும் பெரிது உறக்கம். 13 முதல் 18 வயது வரையினர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் அளித்த பரிந்துரை. இரவில் கண்ணில் படும் ஒளி, உறக்கத்திற்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்னும் சுரப்பைக் குறைக்கின்றது. "காலையில் எழுவதற்கு அலாரம் வேண்டுமே" என்று சொல்லித்தான் பலர் கைப்பேசியைத் தலையணைக்கு அருகே வைக்கின்றனர். சிறிய அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கினால் அக்காரணம் ஒழியும். வீட்டில் கருவியை வேறு அறையில் வைக்கலாம். விடுதியில் வேறு அறை ஏது? அங்கே கட்டிலுக்கு எட்டாத அலமாரியோ பெட்டியோ அவ்விடம் ஆகும். ஓர் அறையில் மூவர் தங்கும்போது ஒருவன் திரையின் ஒளியும் ஒலியும் மற்ற இருவர் உறக்கத்தையும் கெடுக்கும். எந்நேரத்தில் விளக்கோடு திரையையும் அணைப்பது என்பதை முதல் வாரத்திலேயே மூவரும் கூடிப் பேசிக்கொள்ளுதல் எளிது. நாட்பட்ட பின் கேட்டால் பிணக்கே மிஞ்சும்.