சேமித்த சொல்லைச் சரிபார்ப்போம்

என் தாயார் புணேயில் எங்களுடன் தங்க வந்தபோது அவருக்கு மராத்தியில் ஒரு சொல்லும் தெரியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருப்பார். அவருடைய கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றை நிறுவினேன். தேவைப்படும் என்று தோன்றிய வாக்கியங்களைத் தமிழில் எழுதி, மராத்தி விடை வந்ததும் நட்சத்திரக் குறியைத் தொட்டுச் சேமித்தேன். நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு நாள் அம்மாவுக்குத் தலை சுற்றியது. அருகிலிருந்த மருத்துவரிடம் தனியாகவே போய், நீண்ட பட்டியலில் தேடி ஒரு வாக்கியத்தைக் காட்டினார்: 'மாஜே டோகே ஃபிரத் ஆஹே'. மருத்துவர் எனக்குத் தொலைபேசியில், "அம்மாவுக்கு வீட்டில் யாருடனாவது சண்டையா?" என்று இந்தியில் கேட்டார். மராத்தியில் 'டோகே ஃபிர்ணே' என்றால் கோபத்தில் புத்தி தடுமாறுவது. தலைசுற்றலுக்கு 'மலா சக்கர் யேதே' என்றுதான் சொல்ல வேண்டும். நான் விளக்கிய பிறகே அவர் இரத்த அழுத்தத்தைச் சோதித்தார்.

தவறு என்னுடையது. சேமிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். பக்கத்து வீட்டுக் காகூவிடம் பட்டியலைப் படித்துக் காட்டியபோது மேலும் பல பிழைகள் தெரிந்தன. அவற்றில் மூன்று பாடங்கள் நம் எல்லோருக்கும் பயன்படும்.

முதலாவது, ஆண்பால் பெண்பால். தமிழில் 'நான் வந்தேன்' என்பது இருபாலார்க்கும் பொது. மராத்தியில் ஆண் 'மீ ஆலோ' என்பார், பெண் 'மீ ஆலே' என்பார். அம்மாவின் பட்டியல் முழுவதும் ஆண் பேசுவதுபோல் இருந்தது.

இரண்டாவது, நாமும் நாங்களும். 'நாம் கோயிலுக்குப் போகலாம்' என்றால் கேட்பவரையும் அழைக்கிறோம். 'நாங்கள்' என்றால் அவரை விட்டுவிடுகிறோம். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. மராத்தியிலோ நம்மைப் போலவே 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று இரண்டு உண்டு. ஆனால் பல செயலிகள் தமிழை முதலில் ஆங்கிலமாக்கி, அதன் பிறகே மராத்தி ஆக்குகின்றன. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லாததால், இரு மொழியிலும் உள்ள ஒன்று நடுவழியில் தொலைந்துபோகிறது. அம்மா காகூவை அழைக்க வைத்திருந்த வாக்கியத்தில் 'ஆம்ஹீ' இருந்தது. அழைப்பாக இருக்க வேண்டியது வெறும் அறிவிப்பாகிவிட்டது!

மூன்றாவது, எழுத்து. மராத்தியைத் தமிழ் எழுத்தில் மட்டும் குறித்துக்கொள்வது போதாது. 'என்ன' என்பதற்கும் 'பசு' என்பதற்கும் உரிய மராத்திச் சொற்களை எழுதினால் இரண்டும் 'காய்' என்றே வரும். முன்னது அழுத்தமான 'க', பின்னது மெலிந்த 'க'. எனவே செயலியில் உள்ள ஒலியைக் கேட்டே பழக வேண்டும். பிறரிடம் காட்டுவதற்குத் தேவநாகரி எழுத்தையும் வைத்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் முறை இது. செயலி தரும் விடையை மராத்தி பேசும் ஒருவர் கேட்டுச் சரி என்ற பிறகே நிலையாக வைக்கிறோம். திருத்திய வாக்கியங்களைக் கைப்பேசியின் குறிப்பேட்டில் இடவாரியாகப் பிரித்திருக்கிறோம்: மருத்துவர், மருந்துக்கடை, காய்கறிக்காரர், காவலாளி, பக்கத்து வீடு. ஓர் இடத்துக்குப் பத்து வாக்கியங்களுக்கு மேல் இல்லை. அவசரத்தில் நூறு வாக்கியங்களைப் புரட்ட யாராலும் முடியாது. இணையம் கிடைக்காத இடத்திலும் செயலி இயங்குவதற்காக இரு மொழிக் கோப்புகளையும் முன்னதாகவே இறக்கி வைத்துள்ளோம். மருத்துவர் பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பணப்பையில் வைத்திருக்கிறோம்.

இதில் எதிர்பாராத இலாபம் ஒன்று உண்டு. வாக்கியங்களைத் திருத்த வரும் காகூ, ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன என்று கேட்கத் தொடங்கினார். இப்போது அவருடைய கைப்பேசியிலும் தமிழ்ப் பட்டியல் ஒன்று வளர்கிறது. அம்மாதான் அதைச் சரிபார்க்கிறார். சென்ற வாரம் இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள். அழைத்தது அம்மா. 'ஆபண்' என்றே அழைத்தார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்களுக்காக இப்படி ஒரு பட்டியல் சேமித்திருப்பீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.