நெடும்பயணத்தில் ஒரு சொகுசு இரவு: எங்கே, எப்போது?

யட்டியாந்தோட்டையில் முதுகுப்பையோடு பஸ் ஏறி, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், நுவரெலியா என்று மேலே போய், எல்ல, தம்புள்ளை, கொழும்பு வழியாக வீடு திரும்பும் நீண்ட பயணத்தைச் சிக்கனமாகவே முடிக்கலாம். பஸ், மூன்றாம் வகுப்பு ரயில், சோற்றுப் பார்சல், மலிவான அறை போதும். ஆனால் இடையில் ஓர் இரவாவது பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்க்க மனம் கேட்கும். தாராளமாகத் தங்கலாம். எதற்காகத் தங்குகிறோம் என்பதை மட்டும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

களைப்பா, ஆசையா?

பலர் உடம்பு சோர்ந்துபோன நாளில் விலை உயர்ந்த அறையை எடுக்கிறார்கள். சிவனொளிபாதமலை ஏறி இறங்கிய அன்று எந்த மெத்தையில் விழுந்தாலும் தூக்கம்தான். அன்றைக்குத் தேவை சுடுதண்ணீர், சுத்தமான படுக்கை, துணி காயப்போட ஓர் இடம். ஹட்டனிலோ நல்லதண்ணியிலோ ஒரு நடுத்தர விடுதி அதைக் கொடுத்துவிடும். சொகுசு ஹோட்டல் விழித்திருந்து அனுபவிக்க வேண்டிய இடம். களைப்பு தீர்ந்த மறுநாளுக்கு அதை வையுங்கள். பகல் இரண்டு மணிக்கு உள்ளே போய், மறுநாள் வெளியேறும் நேரம்வரை வேறு எங்கும் அலையாமல் இருங்கள். வெளியே சுற்றும் நாளில் அந்த அறைக்குக் கொடுக்கும் காசில் பாதி வீண்.

நான்கு தெரிவுகள்

*துரை பங்களா.* காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் பொகவந்தலாவைப் பகுதியையும் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களில் 2005 முதல் ‘சிலோன் டீ ட்ரெயில்ஸ்’ இயங்குகிறது. நோர்வூட், டின்சின், சமர்வில் போன்ற தோட்டப் பெயர்களே பங்களாக்களின் பெயர்கள். சாப்பாடும் கட்டணத்தில் அடங்கும். அறைகள் குறைவு, அமைதி அதிகம். ஓர் இரவுக்கே பல நூறு டொலர் என்பதால் சிக்கனப் பயணிக்கு இதுதான் மிகக் கடினமான தெரிவு. இருவராகப் போய், ஒரு விசேஷத்தையும் கொண்டாடுவதென்றால் மட்டும் யோசிக்கலாம்.

*தேயிலை ஸ்டோர்.* நுவரெலியாவுக்கு அப்பால், கந்தப்பளையில், கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலை ஸ்டோரை 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். இன்று அதன் பெயர் ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி. கொழுந்து வாட்டிய மாடிகளே இப்போது அறைகள். பழைய இயந்திரத்தை அகற்றாமல் வைத்திருக்கிறார்கள். குறுகிய பாதை ரயில் பெட்டியொன்று உணவகமாகியிருக்கிறது. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைவரை பஸ், பிறகு ஆட்டோ. ஆறாயிரம் அடிக்கு மேலான உயரம் என்பதால் கம்பளிச் சட்டை அவசியம்.

*கண்டலம.* தம்புள்ளைக்கு அருகே, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பில் 1994இல் திறக்கப்பட்ட ஹோட்டல். பாறையை உடைக்காமல் அதனோடு ஒட்டி எழுந்த கட்டடத்தைச் செடிகொடிகள் மூடியிருக்கின்றன. குளத்துக்கு அப்பால் சீகிரியா தெரியும். கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம். நடக்கும் தூரத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது. இரவுச் சாப்பாடும் சேர்ந்த கட்டணத்தைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

*காலிமுகத்திடல்.* 1864இல் தொடங்கிய கோல் ஃபேஸ் ஹோட்டல் கொழும்பில் பயணத்தை முடிப்பவர்களுக்கு வசதி. கோட்டை ரயில் நிலையம் பக்கம்தான். மாலையில் திடலில் இறால் வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பலாம். சாப்பாட்டுச் செலவு குறையும்.

இவை எதுவும் கட்டுப்படாவிட்டால் நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் போன்ற இடத்தில் மாலைத் தேநீர் மட்டும் அருந்தலாம். அறை எடுக்காமலே அந்தக் கூடங்களில் ஆறுதலாக உட்கார்ந்திருக்க அது வழி.

கணக்கைச் சரியாகப் போடுங்கள்

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 2024 முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேர்ந்தால் 50,000 ரூபாய் அறை ஏறத்தாழ 65,000 ஆகிவிடும். இலங்கையருக்கான கட்டணம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பல ஹோட்டல்களில் அது வெளிநாட்டவர் கட்டணத்தைவிடக் குறைவு. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனைத் தவிருங்கள். விலையும் கூட்டமும் அப்போதுதான் உச்சம். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை நம் களனிப் பள்ளத்தாக்கை நனைக்கும்போது தம்புள்ளைப் பக்கம் பெரும்பாலும் வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் கண்டலம நல்ல தெரிவு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் 65,000 ரூபாய் என்பது 48 நாள் உழைப்பு. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண் நெஞ்சை அறுக்கும். அதற்காக ஆசையையே அடக்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் கடன் வாங்கியோ வங்கி அட்டையில் தவணை போட்டோ போகாதீர்கள். இதற்கென்றே சேர்த்த பணமாக இருக்கட்டும்.

என் தேர்வு

யட்டியாந்தோட்டையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நான் கந்தப்பளையைத்தான் சொல்வேன். நம் பாட்டனும் பாட்டியும் கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு நின்ற ஸ்டோர்களில் ஒன்றுக்குள், விருந்தாளியாக முன்வாசல் வழியே போகும் உரிமை நமக்கு உண்டு. கட்டடத்தின் ஒவ்வொரு மாடியும் எதற்கு இருந்தது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த வழிகாட்டியையும்விட நன்றாகத் தெரியும். முடிந்தால் ஓர் அறையில் இருவர் தங்கும் கட்டணத்தில் அம்மாவையோ அப்பாவையோ அந்த ஒரு நாளுக்கு நுவரெலியாவுக்கு வரச் சொல்லுங்கள். மீதிப் பயணத்தை மறுநாள் பஸ்ஸில் தொடரலாம்.