காலிப்பருக்கு வண்ணம் பூசும் முன்

இங்கிலாந்தில் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இரண்டு தொல்லைகளைச் சொல்வார். கதவுக்குக் கீழே சில் துருப்பிடிப்பது ஒன்று; பின்சக்கரக் காலிப்பர் இறுகிப்போவது இன்னொன்று. இரண்டிலும் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார் இது. ஆயிரம் கிலோவுக்குள் எடை, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். முப்பது வயது தாண்டிய பிறகும் வளைவில் இவ்வளவு மகிழ்ச்சி தரும் வண்டி இந்த விலைக்குக் கிடையாது என்பது என் கட்சி. அதனால்தான் இதன் பிரேக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

என்னுடையது முதல் தலைமுறை, 1.6 லிட்டர். கவென்ட்ரியில் வீட்டு முன்புறத்தில் வைத்து நானே வேலை பார்ப்பேன். அதே மாதிரி கார் வாங்கிய கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிப்பவர், சிவப்பு காலிப்பர் பெயின்ட் டப்பாவோடு வந்தார்.

“அண்ணா, வீலைக் கழட்டிட்டு அப்படியே பிரஷ்ல அடிச்சிடலாம்ல?”

“டப்பாவை ஓரமா வை தம்பி. முதல்ல காலிப்பர் சறுக்குற அந்தப் பின்னைக் கையால இழுத்துப் பாரு.”

பின் வரவில்லை. ஸ்பானர் போட்டுத் திருகியும் அசையவில்லை. அந்தச் சக்கரத்தில் பேடு இரண்டையும் வெளியே எடுத்து அருகருகே வைத்தோம். உள்பக்கத்துப் பேடு இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்துப் பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

இந்தக் காரில் இருப்பது மிதக்கும் வகைக் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள்பேடை டிஸ்கின் மேல் தள்ளும்போது காலிப்பர் முழுவதும் எதிர்த்திசையில் நகர்ந்து வெளிப்பேடை இழுத்துப் பிடிக்கும். அந்த நகர்வுக்கு வழிவிடுபவைதான் சறுக்கும் பின்கள். பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, உள்பேடு மட்டும் உழைத்துத் தேயும். பேடு ஒரு முனையில் மெலிந்தும் மறுமுனையில் தடித்தும் இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் நகர்கிறது என்று சந்தேகப்படலாம். பேடைப் பார்க்காமல் காலிப்பரை விலை கேட்கப் போகாதீர்கள். பின்னைக் கழற்றித் துருவைச் சுரண்டி, அதன் துளையைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் தடவி, புது ரப்பர் பூட் போட்டால் பாதிக் கேசுகள் அங்கேயே முடிந்துவிடும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் கூடாது. அது பெட்ரோலியத்தில் செய்தது. பிரேக் ரப்பர் ஊதிப்போய்ப் பின்னை முன்பைவிட இறுக்கிப் பிடிக்கும்.

காலிப்பர் மேல் பழி போடும் முன் இன்னொரு சோதனை. சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறதா? ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆயில் பீறிட்டு உடனே சக்கரம் விடுபட்டால் காலிப்பரில் குற்றமில்லை. உள்ளே அழுத்தம் திரும்பிப்போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். ஹோஸ் விலை காலிப்பர் விலையில் சிறு பங்குதான்.

பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது என்று உறுதியானால் பிரித்தாக வேண்டும். முன்சக்கரக் காலிப்பர் என்றால் ஹோஸைக் கழற்றும் முன்னாலேயே பெடலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை வெளியே வரவழைத்துவிடுவேன். எதிரே ஒரு மரத்துண்டு இருக்கட்டும். கம்ப்ரசர் காற்றை அடித்து வெளியே எடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இறுகிய பிஸ்டன் விடுபடும் அந்த நொடியில் குண்டு மாதிரி பாயும். விரல் நடுவில் இருந்தால் விரல் போய்விடும்.

வெளியே வந்த பிஸ்டனை வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அதன் மேல்பூச்சு குரோமியம். ரப்பர் பூட் கிழிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, குரோமியத்துக்கு அடியிலிருந்து துரு குத்திக்கொண்டு வந்திருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். தட்டினால் அந்தப் பிஸ்டன் வேண்டாம். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிவிடலாம் என்று தோன்றும். தேய்த்தால் குரோமியம் போகும், அடுத்த குளிர்காலத்துக்குள் அதே இடத்தில் இன்னும் மோசமாகத் துரு வரும்.

உள்ளே பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரம். இந்தச் சின்ன வளையம் செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். பிரேக் மிதிக்கும்போது பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு சற்றே வளைகிறது. காலை எடுத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேடு டிஸ்கை விட்டு விலகுவது பெரும்பாலும் இதனால்தான். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வளையத்தின் வழியே வழுக்கி முன்னுக்கு வந்து புது இடத்தில் நிற்கும். பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனியாக ஸ்பிரிங் இல்லை, முன்சக்கரத்தில் அட்ஜஸ்ட்மென்ட்டும் இல்லை. வளையம் உட்காரும் பள்ளத்தில் துருவோ உப்போ சேர்ந்தால் அது வளையத்தைப் பிஸ்டன் மேல் நெருக்கும். பிறகு பிஸ்டன் திரும்பாது. ஆகவே புது சீல் போடுவதைவிடப் பள்ளத்தைச் சுத்தம் செய்வதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஸ்குரூடிரைவர் முனை பள்ளத்தில் கீறல் போடும். மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு சுற்றிச் சுரண்டுவேன். புது சீலைப் பிரேக் ஆயிலிலோ சிவப்பு ரப்பர் கிரீஸிலோ தோய்த்துப் போடவும்.

பின்சக்கரக் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இயக்கமும் இருக்கிறது. பலர் தடுமாறும் இடம் இது. பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே போகாது. காலிப்பரின் முதுகில் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் துளை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் பிஸ்டன் பின்வாங்கும். புது பேடு போட்டபின் கடிகாரத் திசையில், பேடு டிஸ்கைத் தொடும்வரை சுற்றி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னுக்கு விட வேண்டும். இதை முடித்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். வரிசையை மாற்றிக் கேபிளை முதலில் இறுக்கினால் காலிப்பரில் கேபிள் இழுக்கும் கை அதன் நிறுத்தத்துக்குத் திரும்பாமல் பாதியில் நிற்கும். பேடு உரசும், ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. இந்த வயதுக் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் ஹேண்ட் பிரேக்குக்குக் கேட்பது 16 சதவீத ஆற்றல்தான். அதையும் எட்டாமல் தோற்கும் எம்எக்ஸ்-5களில் பல, புது கேபிள் தேவைப்படாதவை.

அடுத்தது பெரிய பிரேக். 1.6 காரில் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. பின்னர் வந்த 1.8 காரில் 255, 251. டிஸ்கின் ஆரம் 10 மி.மீ. கூடுவதால் காலிப்பரும் அந்த அளவு வெளியே தள்ளி உட்கார வேண்டும். அதைச் செய்வது பிராக்கெட். பழைய உதிரிபாகம் விற்பவரிடம் காலிப்பர் மட்டும் வாங்கி வந்தால் பயனில்லை. பிராக்கெட், டிஸ்க், பேடு மூன்றும் 1.8 காருடையதாக இருக்க வேண்டும். முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் பழையதையே விட்டால் பிரேக் பங்கீடு முன்பக்கம் சாயும். மாற்றினால் நான்கையும் மாற்றுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமா? என் தீர்ப்பு: ஊருக்குள் ஓட்டுபவருக்கு வேண்டாம். 235 மி.மீ. டிஸ்க்கே இந்த எடைக்கு நான்கு சக்கரத்தையும் லாக் செய்யப் போதும். அதற்குமேல் வண்டி எத்தனை அடியில் நிற்கிறது என்பது டயரின் பிடியைப் பொறுத்தது. பெரிய டிஸ்க் கூடுதல் சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். மலைச்சாலையில் தொடர்ந்து இறங்குபவருக்கும் ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கும் அது உயிர் காக்கும் வித்தியாசம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

இப்போது அந்தப் பெயின்ட் டப்பா. வண்ணம் பூசுவதை நான் ஆதரிப்பவன். வார்ப்பிரும்புக் காலிப்பர் உப்பு ஊரில் பூச்சில்லாமல் இருந்தால் உதிரும். ஆனால் வண்ணம் போகக்கூடாத இடங்கள் உண்டு: பிஸ்டன் துளை, பின் துளை, நிப்பிள் மரை, ஹோஸ் உட்காரும் முகம், பேடின் காதுகள் சறுக்கும் தடம், பிராக்கெட் அச்சோடு பொருந்தும் முகம். பேடு தடத்தில் பெயின்ட் ஏறினால் பேடு மாட்டிக்கொள்ளும். பொருந்தும் முகத்தில் ஏறினால், நாளடைவில் பெயின்ட் நசுங்கிப் போல்ட்டின் இறுக்கம் தளரும். கம்பி பிரஷ், பிறகு பிரேக் கிளீனர், குழிவிட்ட துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, மாஸ்கிங் டேப், அதற்குப் பிறகே பூச்சு. இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸி வகை நீடித்து உழைக்கிறது. பவுடர் கோட்டிங் கொடுப்பதானால் ரப்பர் ஒன்றுகூட உள்ளே இருக்கக்கூடாது. அந்த அடுப்பு 200 டிகிரியை நெருங்கும். நிறம் அவரவர் விருப்பம். எனக்கு வெளிர் சாம்பல்தான் பிடிக்கும். ஆயில் கசிந்தால் கறை உடனே தெரியும். தம்பி சிவப்புதான் அடித்தார், அழகாகவே இருக்கிறது.

பூட்டும்போது காலிப்பர் ஹோஸில் தொங்கக்கூடாது, கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸ் போல்ட்டின் இரு பக்கத்துச் செம்பு வாஷரும் புதிதாக இருக்கட்டும். அதற்கு 22 முதல் 29 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் இடம் வலம் மாறிவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது. ஆயில் டாட் 4 போதும்: புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்தபின் 155. இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது இந்த இறக்கத்துக்காகத்தான். டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது. புதுப் பெயின்டில் ஆயில் சிந்தினால் துடைப்பதோடு விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் பூச்சு உரிந்துவிடும்.

எல்லாம் முடிந்து வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் எஞ்சினைக் கிளப்பும் முன் பெடலை மிதியுங்கள். முதல் சில மிதிகளுக்கு அது தரை வரை போகும். பிஸ்டன்கள் இன்னும் பேடை எட்டவில்லை. கல்லாக நிற்கும்வரை மிதித்துவிட்டு, அதன் பிறகே கியரைப் போடுங்கள்.