அரிப்புக்குக் காலமைன் லோஷன்

முருங்கை மரத்தடியில் வேலை செய்வோர் மீது கம்பளிப்பூச்சியின் மயிர் படுகின்றது. கோடையில் தறியில் அமர்வோர் முதுகில் வேர்க்குரு படர்கின்றது. இவை சிறு உபாதைகளே. எனினும் இரவுத் தூக்கம் கெட்டு, நகம் பட்ட இடம் புண்ணாகி, மறுநாள் வேலையும் தடைப்படுவதை நாம் அறிவோம். இத்தகைய அரிப்புக்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் இளஞ்சிவப்பு நிறக் காலமைன் லோஷன் ஏற்றதாகும்.

இதில் முதன்மையானது துத்தநாக ஆக்சைடு. அதனுடன் சேர்ந்த சிறிதளவு இரும்பு ஆக்சைடே நிறத்தைத் தருகின்றது. இப்பொடி நீரில் கரைவதில்லை, அடியில் தங்கிவிடும். ஆகையால் ஒவ்வொரு முறையும் சீசாவை நன்கு குலுக்குதல் வேண்டும். குலுக்காமல் பூசுவோர் பெரும்பாலும் மேலே தெளிந்த நீரையே பூசுகின்றனர். அந்நீர் ஆவியாகும்பொழுது தோல் குளிர்கின்றது. எஞ்சும் பொடி கசிவை உறிஞ்சுகின்றது. அரிப்பு தணிவது இவ்வாறே. நோயின் மூலத்தை இது தீர்ப்பதில்லை.

தோலைக் கழுவி, ஈரம் ஒற்றி, பஞ்சினால் மெல்லத் தொட்டுவைத்து உலரவிடுக, தேய்த்தல் ஆகாது. கண், வாய் ஆகியவற்றின் அருகிலும் திறந்த புண்ணிலும் பூசலாகாது. கம்பளிப்பூச்சி மயிராயின், முதலில் ஒட்டும் நாடாவை அழுத்தி எடுத்து மயிரை நீக்கிய பின்னரே பூசுக. பார்த்தீனியச் செடியால் வரும் அரிப்புக்கு லோஷன் சற்று ஆறுதல் தரும். செடியின் தொடர்பு நீங்காதவரை அரிப்பும் நீங்காது. அதைப் பிடுங்குவோர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றுதல் வேண்டும்.

நாம் அறிந்த நெசவாளர் ஒருவர் விரலிடுக்கு அரிப்புக்கு ஒரு மாதம் இதையே பூசிவந்தார். இரவில் அரிப்பு மிகுந்தது. பின்னர் மனைவிக்கும் மக்களுக்கும் தொற்றியது. அது சிரங்கு. தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணியே அதற்குக் காரணம். வைத்தியர் தந்த மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசி, துணிகளை வெந்நீரில் துவைத்த பின்னரே குணம் கண்டனர். முன்னரே காட்டியிருந்தால் ஒரு மாதக் கூலி குறைந்திராது என்று அவர் இன்றும் வருந்துகின்றார்.

வட்டமாகப் பரவும் படர்தாமரைக்கும் இது மருந்தன்று. அதற்குக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்போ இன்னும் கேடு. முதலில் அடங்கியதுபோல் தோன்றிப் பின் பெருகும். சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா பட்டால் லோஷனைத் தேட வேண்டா. நனைந்த உடையைக் களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனை செல்க. முகம் வீங்கி மூச்சுத் திணறினாலும் அவ்வாறே.

ஒரு வாரம் பூசியும் அரிப்பு நில்லாவிடில் வைத்தியரிடம் காட்டுக. எந்தச் சாயத்தில் கை வைத்தீர், எந்தச் செடியைப் பிடுங்கினீர், வீட்டில் வேறு எவருக்கு அரிப்பு உண்டு என்பவற்றையும் அவரிடம் கூறுக.